தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க, அப்புறம் ஹெட்டைக் கழட்டலாம்

மதுரைல பழைய கார் வச்சிருக்கவங்க டிக்கியத் தொறந்து பாருங்க, ஸ்டெப்னியில காத்து இருக்கோ இல்லையோ, ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் ஒண்ணு கண்டிப்பா உருண்டுகிட்டு கிடக்கும். கேட்டா "ரேடியேட்டருக்குண்ணே, வாரத்துக்கு ஒருக்கா ஊத்தணும்"னு சாதாரணமா சொல்வாய்ங்க. பெட்ரோல் எரியிற சாமான், குறையும், சரி. பழைய இன்ஜின்ல ஆயில் கூட கொஞ்சம் எரியும். ஆனா ரேடியேட்டர் தண்ணி மூடுன பைப்புக்குள்ளயே சுத்திச் சுத்தி ஓடுறது, அது செலவாகுற பொருளே கிடையாது. குறையுதுன்னா எங்கயோ போகுது, அவ்வளவுதான். எங்க வீட்டு வண்டியில அது எங்க போச்சுன்னு கண்டுபிடிச்ச கதையத்தான் எழுதப் போறேன், ஏன்னா அதைக் கண்டுபிடிக்காமலே, சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி உக்காந்திருக்குற இன்ஜின் ஹெட்டைக் கழட்டி இருவதாயிரத்துக்கு மேல செலவு வைக்க ஒரு மெக்கானிக் செட்டுல ரெடியா நின்னாய்ங்க.

வண்டி 1999 மாடல் மாருதி 800, கார்ப்பரேட்டர் வண்டி, ஏசி உள்ளது. தேனியில மாமனார் வச்சிருந்தது. அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனப்புறம் இனிமே ஓட்ட வேண்டாம்னு வீட்டுல எல்லாரும் சொல்லிட்டாங்க, "மாப்ள, நீங்களே வச்சுக்கங்க, வித்தா காயலான் கடை விலைதான் தருவாய்ங்க"ன்னு சாவியக் கையில கொடுத்துட்டாரு. எனக்கும் ஆசைதான். 1983 கடைசில குர்கான்ல ஆரம்பிச்சு 2014 ஜனவரி வரைக்கும் இந்த வண்டிய செஞ்சிருக்காய்ங்க, அதனால பார்ட்ஸுக்குப் பஞ்சமில்ல, 796 சிசி, மூணு சிலிண்டர், பானெட்டைத் தொறந்தா எது எங்க இருக்குன்னு கண்ணால பாக்கலாம். இப்ப வர்ற வண்டியில பானெட்டைத் தொறந்தா பிளாஸ்டிக் மூடிதான் தெரியுது.

கோளாறு எப்படி ஆரம்பிச்சதுன்னா, காலையில ஆபீஸ் போறப்ப டேஷ்போர்டுல இன்ஜின் சூட்டைக் காட்டுற முள்ளு மேல வரவே வராது, போய்ச் சேர்ற வரைக்கும் கூல் பக்கமே ஒட்டிக்கிட்டு இருக்கும். நத்தம் ரோட்டு மேம்பாலம் ஏறுனா இன்னும் இறங்கிரும், 7.3 கிலோமீட்டர் நிக்காம ஓடுற பாலம்ல, காத்து நல்லா அடிக்கும். சாயங்காலம் திரும்புறப்ப கோரிப்பாளையத்துலயோ காளவாசல் சிக்னல்லயோ மாட்டுனா முள்ளு மெதுவா நடுவத் தாண்டி மேல போகும், கொஞ்ச தூரம் ஓடுனா மறுபடி இறங்கும். ரேடியேட்டரோட ரிசர்வ் டப்பாவுல ஊத்துன கூலன்ட், அதான் தண்ணியோட கலக்குற அந்தப் பச்சைத் திரவம், வாரத்துக்குள்ள அடிமட்டத்துக்குப் போயிரும். ஆனா வண்டி நிறுத்துற எடத்துல தரையில ஒரு சொட்டு ஈரம் கிடையாது, அட்டைப்பெட்டிய விரிச்சு வச்சு காலையில எடுத்துப் பாத்தாலும் காஞ்சு கிடக்கும். இதுதான் எல்லாரையும் ஹெட் கேஸ்கட் பக்கம், அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற தகடு பக்கம், தள்ளிவிட்ட விசயம்: வெளிய ஒழுகல, அப்ப உள்ள எரியுதுன்னு.

பொதுவா ஹீட் எப்ப ஏறுதுங்கிறதுலயே பாதி விடை இருக்கு. டிராபிக்ல நிக்கிறப்ப மட்டும் ஏறி, ஓட்டுனா இறங்குதுன்னா ரேடியேட்டர் ஃபேன், அதோட ஃபியூஸ், ரிலே, சூடு பாத்து ஃபேனைப் போட்டுவிடுற சுவிட்ச், இதுகளத்தான் மொதல்ல பாக்கணும், ஏன்னா வண்டி ஓடுறப்ப காத்தே ஃபேன் வேலையப் பாத்துரும். அதே வண்டி நாலுவழிச் சாலையில எம்பதுல போறப்பவோ மேடு ஏறுறப்பவோ ஹீட் ஆகுதுன்னா ரேடியேட்டர் உள்ள அடைச்சிருக்கலாம், கீழ் ஓஸ் உறிஞ்சி சப்பிப்போயிருக்கலாம், வாட்டர் பம்பு, நம்ம ஊர்ல வாட்டர் பாடின்னு சொல்வாய்ங்களே, அதோட உள்சக்கரம் அரிச்சுப் போயிருக்கலாம், இல்ல தண்ணியே பத்தாம இருக்கலாம். எங்க வண்டியில ரெண்டும் கலந்து வந்துச்சு, அதான் குழப்பம்.

கணவாய்ல நடந்தது மட்டும் தனியா சொல்லணும். தேனிக்குப் போறோம், உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஏத்தம், ஏசி போட்டிருக்கு, பையன் பின்னாடி தூங்குறான். முள்ளு விறுவிறுன்னு ஏறி சிவப்புக்கு ஒரு விரக்கடை கீழ நிக்குது, ஏசிய ஆஃப் பண்ணிட்டு ஓரமா எடம் தேடிக்கிட்டே போறேன், திடீர்னு முள்ளு பொத்துன்னு கீழ விழுந்துருச்சு. வீட்டுக்காரம்மா "ஏங்க, இறங்கிருச்சுல்ல, மெதுவாப் போயிரலாமே"ன்னாங்க. பாத்தா அப்படித்தான் தோணும். ஆனா முள்ளைக் காட்டுற சென்சார் தண்ணிக்குள்ள முங்கி இருந்தாத்தான் சரியான சூட்டைச் சொல்லும், தண்ணி மட்டம் அதுக்குக் கீழ போயிருச்சுன்னா அது வெறும் ஆவியில நிக்கும், சூட்டைக் குறைச்சுக் காட்டும். கொதிக்கிற வண்டியில முள்ளு சட்டுன்னு விழுந்தா சந்தோசப்படாதீங்க, அதுதான் உடனே நிறுத்த வேண்டிய நேரம். நிறுத்தி பானெட்டைத் தூக்குனா ரிசர்வ் டப்பாவுக்குள்ள களக் களக்குன்னு சத்தம், ரேடியேட்டர் ஃபேன் சுத்தவே இல்ல. இம்புட்டு சூட்டுலயும் ஃபேன் ஏன் சுத்தலைங்கிற கேள்விய அப்பவே மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன்.

அந்த மாதிரி நேரத்துல ரேடியேட்டர் மூடியத் தொறக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா எதுக்குன்னு தெரிஞ்சா இன்னும் பயம் வரும். குக்கர்ல வெயிட் போட்டா உள்ள தண்ணி நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காம அடங்கி இருக்குல்ல, ரேடியேட்டர் மூடியில இருக்குற ஸ்பிரிங் அதே வேலையத்தான் பாக்குது. மூடி மேல 0.9னு (பார் கணக்குல அழுத்தம்) போட்டிருந்தா அந்த அழுத்தத்துக்கு வெறும் தண்ணியே 118 டிகிரி வாக்குல போனாத்தான் கொதிக்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தா அதுக்கும் மேல. உள்ள 110 டிகிரியில சும்மா நிக்கிற தண்ணி, மூடியத் தொறந்து அழுத்தம் போன அடுத்த நொடி ஆவியாகி முகத்துக்குத்தான் வரும். முக்கா மணி நேரமாச்சும் ஆறவிட்டு, மேல் ஓஸைத் தொட்டுப் பாத்து, கை பொறுக்குற சூடு ஆனப்புறம் துணியப் போட்டு மொதல் கட்டம் மட்டும் திருகி, காத்து போனப்புறம் முழுசாத் தொறக்கணும். அப்பவும் பச்சைத்தண்ணிய மடமடன்னு ஊத்தக் கூடாது. ஹெட்டு அலுமினியம், கொதிச்சுக்கிட்டு இருக்கப்ப குளுந்த தண்ணி பட்டா வளையும், விரிசல் விடும். இல்லாத ஹெட் கேஸ்கட் கோளாறை நாமளே உண்டாக்கிக்கிறது இப்படித்தான்.

இன்னொண்ணு, இது ஒழுகுற ரேடியேட்டருக்கு மருந்து இல்ல, அவசரத்துக்கு. வண்டியில ஹீட்டர் இருந்தா ஹீட் ஏறுறப்ப ஹீட்டரைத் தொறந்து புளோயரை ஃபுல்லா வைங்க. மே மாசம் மதுரைல நாப்பது டிகிரி வெயில்ல ஹீட்டர் போடுறியாடான்னு பக்கத்துல இருக்கவங்க திட்டுவாங்க, ஆனா ஹீட்டருங்கிறது டேஷ்போர்டுக்குள்ள இருக்குற குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வாங்கி உள்ள கொட்டும், முள்ளு ஒரு கோடாச்சும் இறங்கும்.

சரி, செட்டு கதைக்கு வருவோம். மொதல்ல போன எடத்துல ஒரு பையன் ஆயில் ஊத்துற மூடியத் திருகிக் கழட்டி உள்பக்கத்தக் காட்டுனான், வெளுத்து, பாலாடை கணக்கா ஒட்டியிருந்துச்சு. "பாத்தீங்களாண்ணே, தண்ணி ஆயில்ல கலந்திருச்சு, ஹெட் கேஸ்கட் அவுட்டு. ஹெட்டை இறக்கி லேத்துல கொடுத்து ஃபேஸிங் பண்ணணும், வால்வு சீட்டு, ஆயில் சீலு எல்லாத்தையும் பாத்துருவோம்"னு வாய் கூசாம ஒரு தொகையச் சொன்னான். தண்ணி குறையுது, வெளிய ஒழுகல, மூடியில வெள்ளை. கேக்க சரியாத்தான் இருந்துச்சு. ஆனா ஆயில் மட்டம் பாக்குற டிப் ஸ்டிக்கை உருவிப் பாத்தா ஆயில் சுத்தமா, கருப்பு கலந்த தேன் நிறத்துல இருந்துச்சு, கொஞ்சம் கூட வெளுப்பு இல்ல. ஆயிலுக்குள்ள தண்ணி நிஜமாவே போயிருந்தா கீழ இருக்குற ஆயில் முழுக்கக் கலங்கி இருக்கணும், மட்டமும் கூடியிருக்கணும், மேல மூடியில மட்டும் எப்படி இருக்கும்? யோசிச்சுச் சொல்றேன் தம்பின்னு வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

அந்த ஞாயித்துக்கிழம வீட்டு வாசல்லயே பாத்தேன். இதுக்கு ஒரு பிளக் ஸ்பேனர் போதும். வண்டி நல்லா ஆறிக் கிடக்குறப்ப, காலையில மொத ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ரேடியேட்டர் மூடியக் கழட்டி, வாய் வரைக்கும் தண்ணி நிரப்பி, ஸ்டார்ட் பண்ணிட்டு அந்த வாயையே பாத்துக்கிட்டு நின்னேன். ஆரம்பத்துல ரெண்டு மூணு குமிழி வரும், அது உள்ள மாட்டியிருந்த காத்து. கேஸ்கட் போயிருந்தா சிலிண்டர் காத்து தண்ணிக்குள்ள ஏறி நிக்காம குமிழி விட்டுக்கிட்டே இருக்கும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தா இன்னும் கூடும். வரல. அப்புறம் ஆறவிட்டு, மூடியப் போட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணி மேல் ஓஸை அமுக்கிப் பாத்தேன், குளுந்த இன்ஜின்ல ரெண்டு நிமிசத்துல ஓஸ் கல்லா இறுகுனா சந்தேகப்படணும், ஏன்னா சூடு ஏறாம அழுத்தம் வர்றதுக்கு வேற வழி இல்ல. மெத்துன்னுதான் இருந்துச்சு. ஸ்பார்க் பிளக்கு மூணையும் கழட்டி வரிசையா நியூஸ் பேப்பர்ல வச்சேன். தண்ணி குடிக்கிற சிலிண்டரோட பிளக்கு மட்டும் கழுவித் தொடச்ச மாதிரி பளிச்சுன்னு இருக்கும், கூட இருக்குற மத்ததுல கரி இருக்கும். இதுல மூணும் ஒரே கருப்பு. சைலென்சர்லயும் சூடான பிறகு வெள்ளைப் புகை இல்ல. இதுக்கு மேல உறுதி வேணும்னா ரேடியேட்டர் வாயில வச்சு உறிஞ்சுற ஒரு டெஸ்டர் இருக்கு, நீலக் கலர் தண்ணி, எரிஞ்ச காத்து பட்டா மஞ்சளா மாறும், ஆனா சின்ன செட்டுகள்ல அதைப் பாக்குறது அபூர்வம். எனக்கு இதுவே போதும்னு தோணுச்சு. இம்புட்டும் சரியா இருக்கப்ப எடுத்தோம் கவுத்தோம்னு ஹெட்டுல கை வைக்க விடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

ரேடியேட்டர் மூடிய மட்டும் புதுசா மாத்துனேன். இருக்கதுலயே விலை கம்மியான பார்ட்டு அதுதான், ஆனா அதை எவனும் சந்தேகப்பட மாட்டான். அதுக்குள்ள ரெண்டு வால்வு: பெரிய ஸ்பிரிங் அழுத்தம் கூடுனா தண்ணிய ரிசர்வ் டப்பாவுக்கு விடும், நடுவுல இருக்குற சின்னது வண்டி ஆறுறப்ப டப்பாவுல இருந்து திரும்ப இழுக்கும். ரப்பர் காஞ்சு போனா விடுறது மட்டும் நடக்கும், இழுக்குறது நடக்காது, டப்பா வழிஞ்சு கொட்டும், ரேடியேட்டர் காலியா இருக்கும். எங்க மூடியோட ரப்பரும் வெடிச்சுத்தான் இருந்துச்சு. மாத்தியும் தண்ணி குறையுறது நிக்கல.

அப்புறம்தான் ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லி பழங்காநத்தத்துல ஒரு சந்துக்குள்ள இருக்குற பட்டறைக்குப் போனேன். போர்டு மங்கிப்போயி, வாசல்ல ஒரு அம்பாசடர் மூஞ்சி இல்லாம நிக்குது. அண்ணனுக்கு அறுவது வயசுக்கு மேல இருக்கும். நான் ஹெட் கேஸ்கட்னு ஆரம்பிச்சதும் கையக் காட்டி நிறுத்திட்டாரு. "அதெல்லாம் அப்புறம் தம்பி. மொதல்ல தண்ணி எங்கிட்டு போகுதுன்னு சொல்லு." தெரியலண்ணேன்னேன். "அப்ப அதைத்தான பாக்கணும்."

ஆறுன வண்டியில ரேடியேட்டர் மூடிக்குப் பதிலா மீட்டர் வச்ச ஒரு கைப்பம்பை மாட்டி 0.9 வரைக்கும் அடிச்சு நிறுத்துனாரு. இன்ஜின் ஓடல, சூடு இல்ல, ஃபேன் இல்ல, சும்மா அழுத்தம் மட்டும். சூடான வண்டியில ஒழுகுற தண்ணி இன்ஜின் மேலயே பட்டு ஆவியாயிரும், கண்ணுல சிக்காது, இப்படி ஆறுன வண்டியில அழுத்தம் கொடுத்தா ஒழுகுற எடம் ஈரமாவே நிக்கும். டீ வாங்கிட்டு வரச் சொல்லிட்டு டார்ச்சும் பல் டாக்டர் வச்சிருக்குற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கிட்டு உக்காந்துட்டாரு. ஓஸ் கிளிப்பு ஒவ்வொண்ணா விரலால தடவுறாரு. வாட்டர் பாடிக்கு அடியில சின்னதா ஒரு ஓட்டை விட்டிருப்பாய்ங்க, உள்ள சீல் போனா அந்த வழியாத்தான் சொட்டும், அங்க பச்சையாவோ வெள்ளையாவோ உப்புப் பூத்து இருக்கான்னு பாத்தாரு. ரேடியேட்டர் மேல் தொட்டி ஈயம் வச்ச எடம், பிளாக்குல தட்டு தட்டா அடிச்சு இறக்கியிருக்குற கோர் பிளக்கு, கார்ப்பரேட்டருக்கு அடியில போற ஓஸு, எல்லாமே காஞ்சு கிடக்கு. டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மீட்டர் 0.6க்கு இறங்கிருச்சு. அழுத்தம் இறங்குது, வெளிய ஒண்ணும் இல்ல. எனக்கு வயித்தக் கலக்குச்சு, ஹெட்டுதான் போலன்னு.

அவரு ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சு வந்து இடது பக்கக் கதவத் தொறந்து தலைய உள்ள விட்டு மோந்து பாத்தாரு. "தம்பி, இங்கிட்டு யாரும் ஜூஸ் கீஸ் கொட்டுனாங்களா?"

கொட்டியிருந்தான், அப்படித்தான் நாங்க நெனச்சோம். ரொம்ப நாளா அந்தப் பக்கம் ஒரு இனிப்பு வாடை, பையன் மாம்பழ ஜூஸைக் கொட்டிட்டான்னு அவன் அம்மாகிட்ட திட்டு வாங்கிக்கிட்டே இருந்தான். கால் வைக்கிற எடத்துல போட்டிருக்குற மேட்டு ஈரமா இருக்குன்னு ஏசி மெக்கானிக் ஒருத்தர்கிட்ட கேட்டப்ப "டிரெயின் பைப் அடைச்சிருக்கும் சார், ஏசி தண்ணி"ன்னாரு, அதையும் நம்பிட்டோம். பட்டறை அண்ணன் மேட்டைத் தூக்கி, அதுக்கு அடியில இருக்குற பஞ்சைப் பிச்சு முறுக்கிப் பிழிஞ்சாரு. லேசாப் பச்சைக் கலர்ல தண்ணி வந்துச்சு. ரெண்டு விரலால தேச்சுக் காட்டுனாரு, வழவழன்னு பிசுக்குது. ஏசி தண்ணி கலரும் இருக்காது, வாடையும் இருக்காது, தொட்டா வெறும் தண்ணிதான். இது கூலன்ட். சில பேரு நாக்குல வச்சுப் பாப்பாய்ங்க இனிக்குதான்னு, அதை மட்டும் யாரும் செஞ்சுராதீங்க, எத்திலீன் கிளைக்கால் விசம், தெருநாயும் பூனையும் அதை நக்கியே சாகும். பட்டறையில வடிச்ச கூலன்ட்டைக் கூட அண்ணன் வாளியில வச்சு மூடிதான் போட்டாரு.

ஹீட்டருக்குள்ள இருக்குற அந்தக் குட்டி ரேடியேட்டர் ஓட்டை. மதுரைல எவன் ஹீட்டர் போடுவான், அதனால அப்படி ஒண்ணு இருக்குறதே யாருக்கும் ஞாபகம் இல்ல. ஆனா இன்ஜின்ல இருந்து ரெண்டு ஓஸ், இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்குற தகட்டுச் சுவரத் தாண்டி டேஷ்போர்டுக்குள்ள போயிட்டு வருது, அதைத் தடுக்குற வால்வு பழசாயி சரியா மூடல, நாங்க ஹீட்டரைத் தொடவே இல்லைன்னாலும் அழுத்தத்தோட தண்ணி அங்க போயிக்கிட்டேதான் இருந்துச்சு. வண்டி ஓடுறப்ப மட்டும் சொட்டுச் சொட்டா வடிஞ்சு மேட்டுக்கு அடியில இருக்குற பஞ்சு அம்புட்டையும் குடிச்சிருச்சு, தரைக்கு எப்படி வரும்? முன் கண்ணாடியில உள்பக்கம் எண்ணெய் தடவுன மாதிரி ஒரு படலம் வரும், எம்புட்டு தொடச்சாலும் மறுநாள் திரும்ப வரும், அதுக்கும் இதுதான் காரணம். அன்னைக்கு ராத்திரி மாமனாருக்குப் போன் போட்டு "மாமா, இந்த வண்டியில ஹீட்டர் போட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டேன். "மூணாறு போறப்ப போடுவேன் மாப்ள, உங்க அத்தைக்குக் குளிர் ஆகாதுல்ல"ன்னாரு.

ஹீட்டரை இறக்கணும்னா டேஷ்போர்டு மொத்தமும் கழட்டணும், அதனால அண்ணன் அந்த ரெண்டு ஓஸையும் ஹீட்டருக்குப் போகாம இன்ஜின் பக்கத்துலயே ஒண்ணோட ஒண்ணு சேத்து கிளிப் போட்டுட்டாரு. மறுபடி பம்பு அடிச்சாரு, 0.9ல அப்படியே நிக்குது. கொடுத்த காசு ஒரு பிரியாணி சாப்பாட்டுச் செலவுக்கு மேல இருக்காது.

ஆனா அதோட விடல. "காலையில முள்ளு ஏறவே மாட்டேங்குதுன்னு சொன்னியே"ன்னு கேட்டுட்டு தெர்மோஸ்டாட் வால்வு உக்காந்திருக்குற கூட்டைக் கழட்டுனாரு. உள்ள ஒண்ணுமே இல்ல, காலி. எப்பவோ எவனோ வால்வைக் கழட்டி எறிஞ்சிருக்கான். இது நம்ம ஊர்ல பெரிய வியாதி. வண்டி ஹீட் ஆகுதுன்னு போனாலே "நம்ம வெயிலுக்கு வால்வு எதுக்குண்ணே, குளிர் நாட்டுக்குத்தான் அது"ன்னு பிடுங்கிப் போட்டுருவாய்ங்க. வால்வு வெயிலுக்காக வச்சது இல்ல, இன்ஜினுக்காக வச்சது. இன்ஜின் 80, 90 டிகிரியில ஓடுறதுக்குன்னு செஞ்சது, அந்தச் சூடு வர்ற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம பிடிச்சு வைக்கிறதுதான் வால்வு வேலை. அது இல்லைன்னா இன்ஜின் குளுந்தே ஓடும், பெட்ரோல் கூடக் குடிக்கும், எரியிறப்ப உண்டாகுற ஈரம் வெளியேறாம மேல போயி ஆயில் மூடியில ஒட்டிக்கும். அதாவது அந்தப் பையன் எனக்குக் காட்டுன வெள்ளைப் பாலாடை! வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவுல சூடே ஆகாம ஓடுன வண்டியில சேந்த ஈரம் அது, கேஸ்கட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. வால்வு மூடுனபடியே மாட்டிக்கிட்டா இன்ஜின் கொதிக்கும்கிறது உண்மைதான், அதுக்குப் புது வால்வு போடணும், பழசப் பிடுங்கிட்டு சும்மா விடுறது வைத்தியம் கிடையாது.

சிம்மக்கல் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில 82ன்னு முத்திரை அடிச்ச வால்வு வாங்கிட்டு வந்தேன், மாட்டுறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்கச் சொன்னாரு அண்ணன். வீட்டுல பழைய பாத்திரம் ஒண்ணுல தண்ணி வச்சு, நூல்ல கட்டி அடியில படாம தொங்க விட்டு, தெர்மாமீட்டரைப் பிடிச்சுக்கிட்டு அடுப்புக்கிட்ட நின்னா, வீட்டுக்காரம்மா இதென்ன கூத்துன்னு பாத்துட்டு அந்தப் பாத்திரத்த இனி சமையக்கட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாதுன்னுட்டாங்க. எம்பது தாண்டுனதும் நடுத்தட்டு மெதுவாக் கீழ இறங்கி வழி விட்டுச்சு. பாக்க அழகாத்தான் இருந்துச்சு.

தண்ணிய முழுசா வடிச்சப்ப செம்மண் நிறம் கலந்து வந்துச்சு. கூலன்ட் வாங்க சோம்பேறித்தனப்பட்டு நடுநடுவுல போர் தண்ணிய ஊத்துறதோட பலன் அது. நம்ம ஏரியா போர் தண்ணிய ஒரு பக்கெட்டுல வச்சா ரெண்டு வாரத்துல ஓரமெல்லாம் வெள்ளையா உப்புப் படியுது, அதே உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் படியும், சூட்டை வெளிய விடாது. கூலன்ட் எதுக்கு, நமக்கென்ன பனியா கொட்டுதுன்னு கேப்பாய்ங்க. பனிக்கு வேண்டாம், துருப்பிடிக்காம இருக்க வேணும், கொதிநிலை கூட இருக்க வேணும். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டரோட பாதிக்குப் பாதி கலந்தா போதும், கலந்தே விக்கிற டப்பாவா இருந்தா மேல தண்ணி சேக்காம அப்படியே ஊத்தணும், இதைப் படிக்காம தண்ணி சேத்து நீர்க்க விடுறவங்கதான் நிறைய. எங்க ரேடியேட்டர் பழைய செம்பு ரகம், அதனால ரேடியேட்டர் பட்டறையில மேல் தொட்டியக் கழட்டி உள்ள கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் பண்ணி மறுபடி ஈயம் வச்சுக் கொடுத்தாய்ங்க. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேந்த இப்பத்திய ரேடியேட்டர்ல அந்த வேலை ஆகாது, மாத்த வேண்டியதுதான்.

திரும்ப நிரப்புறப்ப அவசரப்படக் கூடாது. உள்ள காத்து மாட்டிக்கிட்டா தண்ணி நெறஞ்சிருக்குன்னு நெனப்போம், ஓடுனா ஹீட் ஆகும். வண்டி மூஞ்சிய மேடான எடத்துல ஏத்தி நிறுத்தி, மெதுவா ஊத்தி, மூடி இல்லாம ஓட விட்டு, வால்வு தொறந்து மேல் ஓஸ் சுடுற வரைக்கும் காத்திருந்து, மட்டம் இறங்க இறங்க ஊத்தி, ஓஸை அமுக்கி அமுக்கி காத்தை வெளிய விட்டோம். அப்பதான் எனக்குக் கணவாய்ல இருந்த கேள்விக்கு விடை கிடைச்சுது. அண்ணன் அதுக்கு முன்னாடியே பேட்டரியில இருந்து நேரா ரெண்டு ஒயர் கொடுத்து ஃபேன் மோட்டார் நல்லாருக்குன்னு பாத்து வச்சிருந்தாரு, ஃபியூஸும் சரி, ஆனா சுவிட்ச் மாத்தணுமோன்னு நான் கேட்டதுக்கு "தண்ணி நெறையட்டும், பாப்போம்"னு மட்டும் சொன்னாரு. நெறஞ்சு, சூடு ஏறி, முள்ளு நடுவுக்கு வந்துச்சு, டப்புன்னு ஃபேன் தானாவே போட்டுக்கிச்சு. ஃபேன் சுவிட்சும் தண்ணியில முங்கி இருந்தாத்தான் சூடு தெரிஞ்சு வேலை செய்யும், மட்டம் குறைஞ்சு அது ஆவியில நின்னதால தூங்கிக்கிட்டு இருந்துச்சு. டிராபிக்ல ஹீட், கணவாய்ல ஹீட், ஃபேன் சுத்தாதது, கண்ணாடியில படலம், ஜூஸ் வாடை, எல்லாமே அந்த ஒரே ஓட்டை.

இப்ப காலையில காளவாசல் வர்றதுக்குள்ள முள்ளு நடுவுக்குக் கொஞ்சம் கீழ வந்து நின்னுக்கிருது, பாலம் ஏறுனாலும் இறங்கல, சிக்னல்ல நின்னாலும் ஏறல. ரிசர்வ் டப்பாவுல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன், அதுக்குக் கீழ போகல. ஆயில் மூடியையும் தொடச்சுட்டு அப்பப்ப திருகிப் பாக்குறேன், வெள்ளை திரும்ப வரல. பையன்கிட்ட ஒரு மன்னிப்பும் கேட்டு, ஒரு மாம்பழ ஜூஸும் வாங்கிக் கொடுத்தாச்சு.

ஹீட்டரை அப்படியே விட்டுரலாமான்னு கேட்டா மதுரைக்கு விட்டுரலாம்தான். ஆனா ரெண்டு விசயம் உறுத்துது, ஒண்ணு, ஹீட் ஏறுனா அவசரத்துக்குத் தொறந்துவிட அது இல்ல. இன்னொண்ணு, மார்கழியில கொடைக்கானலோ மூணாறோ போனா முன் கண்ணாடி பனி மூடும், அதைத் தொடைக்க சூடான காத்து வேணும். பழைய சாமான் கடைகள்ல ஓட்டை இல்லாத ஹீட்டர் ஒண்ணு தேடிக்கிட்டு இருக்கேன், கிடைச்சா பட்டறை அண்ணன்கிட்ட கொடுத்து டேஷ்போர்டைக் கழட்டிரலாம்னு இருக்கேன். அவருகிட்ட சொன்னப்ப "கொண்டா, பாத்துக்கிருவோம், ஆனா அதையும் பம்பு அடிச்சுப் பாத்துட்டுத்தான் மாட்டுவேன்"னுட்டாரு.